நீ இல்லாத விவாதம்

பக்கத்து வீட்டில் இன்று காலை நெத்திலிக் கருவாடு வறுத்தார்கள். ஜன்னல் வழியாக வாசனை என் மேசைக்கு வந்ததும் எனக்கு உன் மேல் எரிச்சல் வந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் கருவாட்டு வாசனைக்கு எனக்கு வயிறு எரிகிறதே, இது அடுக்குமா?

தங்கச்சிமடத்துக்கு நாம் ஆய்வுக்குப் போன நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட எரிச்சல் அது. ஒரே சமூகப்பணித் துறை, ஒரே வழிகாட்டி, ஒரே கடற்கரை. கடலுக்குப் போய்த் திரும்பாத, உடலும் கிடைக்காத மீனவர்களின் மனைவிமார்தான் நம் இருவருக்குமே ஆய்வுப் பொருள். தெருவுக்குள் நுழைந்ததும், "மேடத்துக்குச் சேர் எடுத்துப் போடுங்கடி" என்று குரல் வரும். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு பாட்டில் கலரும் கிடைக்கும். நீயோ முதல் நாளிலேயே "அக்கா" ஆகி, வலைக்குவியல் மேல் சாய்ந்து உட்கார்ந்திருப்பாய். திரும்பும்போது உன் பைக்குள் செய்தித்தாளில் சுற்றிய கருவாடு இருக்கும். என் பைக்குள் கேள்வித்தாள் கட்டு இருக்கும். பாம்பன் பாலம் தாண்டும்வரை உன்னோடு பேசமாட்டேன்.

"என்னடி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? பாதிய நீ எடுத்துக்க" என்பாய்.

"எனக்கு ஒன்னும் வேணாம். கடலோரத்துக் கீழக்கரைக்காரின்னா அள்ளித் தருவாங்க. கடலே இல்லாத கமுதிக்காரிக்கு யாரு தருவா?"

"அட அல்லாவே! நீ அவங்கள இன்டர்வியூ எடுக்குற. நான் சும்மா பேசிக்கிட்டு இருக்கேன். அம்புட்டுத்தான்டி."

அம்புட்டுத்தானாம்! எத்தனை லேசாகச் சொன்னாய்! அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆய்விலும் நமக்கு ஒத்துப்போகவில்லை. இழப்பை ஒத்துக்கொள்ளாதவரை அந்தப் பெண்ணின் வாழ்க்கை நகராது என்பது என் வாதம். புருஷன் இறந்துவிட்டான் என்று அவள் ஏற்கும்படி ஆற்றுப்படுத்துவதுதான் நம் வேலை, இறப்புச் சான்றிதழும் விதவை உதவித்தொகையும் அதன்பின் வரட்டும் என்று எழுதினேன். நீ நேர் எதிராக எழுதினாய். அவள் வாயால் "செத்துட்டாரு" என்று சொல்லவைக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது, காத்திருக்கும் காலத்துக்கே அரசு உதவட்டும் என்றாய்.

மதுரைக் கருத்தரங்கில் இருவரும் அடுத்தடுத்துப் பேசினோம். நான் மேற்கோள்களும் அட்டவணைகளும் கொண்டுபோயிருந்தேன். நீ கையில் ஒரு தாள்கூட இல்லாமல் எழுந்து, "காத்திருக்கிறது நோய் இல்ல. அதுக்குப் போய் நாம மருந்து தேடிக்கிட்டு இருக்கோம்" என்றாய். அரங்கமே கைதட்டியது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினேன்.

அதைவிடப் பெரிய அடி ஆரோக்கியமேரி. அவள் என் ஆய்வில் இருந்த பெண். மாதக்கணக்காக உட்கார்ந்து பேசி, சான்றிதழுக்கு மனுப் போடும் அளவுக்கு அவளைக் கொண்டுவந்தவள் நான். கையெழுத்துப் போடும் நாளில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "கோவிச்சுக்காதீங்க மேடம். நீங்க சொல்றது வெவரமாத்தான் இருக்கு. ஆனா அக்காட்ட பேசுனாத்தான் மனசு ஆறுது. அக்கா வரட்டும், கேட்டுக்கிட்டு வாரேன்" என்றாள். என் ஆளையும் நீ கொண்டுபோய்விட்டாய்! அன்று மாலை நீ வந்து சேர்ந்துகொண்ட பேருந்தில் நான் அழுததைத் தூசி என்று சொன்னேன். நீயும் நம்பினாய்.

அதன்பிறகு நான் எழுதிய ஒவ்வொரு கட்டுரையும் உனக்குப் பதில்தான். நீயும் எந்த மேடையில் ஏறினாலும், "என் தோழி இத ஒத்துக்கமாட்டா, ஆனாலும் சொல்றேன்" என்றுதான் ஆரம்பிப்பாய். என்னைப் பாராட்டியவர்கள் எல்லோரும் அடுத்த கேள்வியாக உன்னைத்தான் விசாரித்தார்கள்.

நீ கண்மூடி மவுத்தான அன்று கீழக்கரையில் உன் வீட்டு வாசலில் செருப்பு விட இடமில்லை. தங்கச்சிமடத்துப் பெண்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். ஆரோக்கியமேரி சுவரில் சாய்ந்து, "அக்கா, அக்கா" என்று அரற்றிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்திலும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நான் போனால் இவர்களில் யார் வருவார்கள் என்றுதான். உன்னிடம் சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

போன வாரம் ராமநாதபுரத்தில், மீனவர் குடும்ப நலனுக்கான வரைவுக் கொள்கை பற்றி ஒரு கூட்டம். நீ கேட்ட காத்திருப்பு உதவி அந்த வரைவில் ஒரு பகுதியாக ஏறியிருந்தது. அதை நீக்க வேண்டும் என்று வாதாட ஓர் இளம் ஆய்வாளர் சென்னையிலிருந்து வந்திருந்தார். அந்த உதவி பெண்களைக் கடந்த காலத்திலேயே கட்டிப்போடும் என்றார், உன் வாதம் வெறும் உணர்ச்சி என்றார். வாக்கியத்துக்கு வாக்கியம் என்னைத்தான் மேற்கோள் காட்டினார். கூட்டத் தலைவர் என் பக்கம் திரும்பினார். நான் தலையாட்டினால் போதும், அந்தப் பகுதி போய்விடும். இத்தனை வருஷம் நான் ஏங்கிய வெற்றி.

ஆட்ட முடியவில்லை. பொறாமைடி! உன்னோடு சண்டை போட இவன் யார்? கணினியில் உன் கட்டுரையைப் படித்தவன். கோபம் வந்தால் நீ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாய் என்று இவனுக்குத் தெரியுமா? உன்னை மறுத்துப் பேசும் இடம் என்னுடையது. அதில் இன்னொருத்தன் வந்து உட்காருவானா? எழுந்தேன். உன் வாதத்தை உன்னைவிட நன்றாகவே எடுத்துப் பேசினேன். சான்றிதழ் கேட்கும் மேசைக்கு முன்னால் ஒரு பெண் தன் புருஷனைத் தன் வாயாலேயே சாகடிக்க வேண்டியிருக்கிறது என்றேன். அதற்கு மனம் வராமல் மனுவே போடாத வீடுகளைச் சொன்னேன்.

அந்தத் தம்பி மரியாதையாகத்தான் கேட்டார். "மேடம், இழப்ப ஒத்துக்கிட்டாத்தான் வாழ்க்கை நகரும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இப்ப உங்க கருத்து மாறிடுச்சா?"

"இருங்க தம்பி, அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. நீ போனது அந்த அரங்கில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தம்பி மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். தலைவர், "அந்தப் பகுதி அப்படியே இருக்கட்டும்" என்றார்.

இந்த முறையும் நீதான் ஜெயித்தாய், போ. ஆனால் நான் உன் கட்சிக்கு வந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே. உன் வாதத்தில் எனக்கு இன்னும் ஆயிரம் ஆட்சேபம் இருக்கிறது. எல்லாவற்றையும் சுமந்துகொண்டுதான் திரிகிறேன், யாரிடம் போய் இறக்கிவைப்பது? திரும்பாதவனுக்காகக் காத்திருப்பவளுக்கு அரசிடம் உதவி கேட்டாய். உன்னோடு சண்டை போடக் காத்திருப்பவளுக்கு ஒன்றும் கேட்டுவைக்காமல் போய்விட்டாயேடி.