நைஜல் வெட்டிய இன்டெக்ஸ்கள்

2024 நவம்பர் 4, திங்கள்

என் தங்கை றொவீனாவின் மகன் நைஜல், சங்கத்துக் கம்பியூட்டர் வேலைக்குப் புதிதாக வந்தவன், வவுணதீவுப் பக்கம் எங்கள் விவசாயிகள் சங்கத்து டேட்டாபேஸில் தேடல் விரைவாக நடக்க நான் போட்ட இன்டெக்ஸ் அத்தனையையும், என்னிடம் ஒரு சொல் கேட்காமல் வெட்டி எறிந்துவிட்டான். பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டான். இதுதான் எனக்கு நடந்த அநியாயம்.

லேத் பட்டறையில் இரும்பு கடைந்த கை இது. டேட்டாபேஸ் வேலையை ஒருவரும் சொல்லித்தராமல், பிழை விட்டு விட்டுப் படித்தேன். இங்கே கவுண்டருக்கு வருகிறவன் அங்கத்தவர் காட் கொண்டுவர மாட்டான். "நான் ரதீஸ்" என்பான். தகப்பன் பெயரின் முதலெழுத்தைச் சொல்லவே மாட்டான். அதனால்தான் முதலெழுத்தை ஒரு கட்டத்திலும் பெயரை ஒரு கட்டத்திலும் வயல் இருக்கும் வெளியை, அதாவது வட்டையை, இன்னொன்றிலும் வைத்து, பெயரையும் வட்டையையும் சேர்த்து இன்டெக்ஸ் போட்டேன். நைஜல் முதலெழுத்தையும் பெயரையும் ஒட்டி ஒன்றாக்கிவிட்டான். இனிப் பெயருக்கு முன்னால் எந்த எழுத்தும் இருக்கலாம் என்று சதவீதக் குறி போட்டுத்தான் தேடவேண்டும். அப்படித் தேடினால் சாதாரண இன்டெக்ஸ் ஒன்றும் உதவாது. முதலெழுத்துத் தெரியாமல் அகராதி புரட்டுகிற வேலை. உரம் கொடுத்த அத்தனை வருடத்து வரிகளையும் சேர்வர் ஒவ்வொன்றாகக் கடித்துத் துப்பும்.

"இன்டெக்ஸ் கூடினா புதுசா எழுதுறது பிந்தும் அங்கிள்" என்றான்.

ஓம், பிந்தும். உதவாத இரண்டைக் கொன்றிருக்கலாம். களை பிடுங்கச் சொன்னால் பயிரையுமா பிடுங்குவாய்?

நவம்பர் 5

சங்கத் தலைவர் வினாயகமூர்த்தியிடம் போனேன். "உங்கட மருமகன்தானே செஞ்சிருக்கான்? குடும்பச் சண்டைய இஞ்ச கொண்டு வராதீங்க." மேசையில் குத்தினேன். அவருடைய தேத்தண்ணிக் கோப்பை விழுந்து உடைந்தது. குனிந்து பொறுக்கவில்லை.

நவம்பர் 6

சேர்வர் எந்த வழியால் தேடுகிறது என்று 'எக்ஸ்பிளைன்' போட்டால் அதுவே சொல்லும், ஒருதரம் போட்டுப் பார் என்று நைஜலிடம் சொன்னேன். "என்ட லெப்டொப்பில பறக்குது அங்கிள்." அதில் மாதிரிக்குப் போட்ட நூறு வரி. நூறு வரியில் எது பறக்காது?

நவம்பர் 7, வியாழன்

எழுதத்தான் வேண்டும்.

யூரியா கொடுக்கும் நாள். மழை. பயிர் மஞ்சளாகி நிற்கிற நேரம். சனம் வாசல் படலைவரைக்கும் நின்றது. எல்லாக் கவுண்டரிலும் ஒன்றாகத் தேட, சேர்வர் மூச்சடைத்துக் கிடந்தது. நைஜல் உள்ளே ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தான்.

சங்கத்தில் வேலைசெய்கிற பிள்ளை மேனுகாவின் கவுண்டரில் ரதீஸ் ஒருவனின் முறை வந்தது. பெயரைத் தட்டினாள். வெகுநேரம் கழித்துத் திரையில் ரதீஸ்கள் கும்பலாக வந்து விழுந்தார்கள். பின்னால் நின்ற சனம் கத்துகிறது. அவள் முதலாவது ரதீஸை அமத்தினாள். அவன் வேறு வட்டைக்காரன்.

"நீங்க போன கிழமையே எடுத்திருக்கீங்க அண்ணன்."

"ஆரு எடுத்த? என்ட யூரியாவ வித்துத் தின்னுத்து எனக்கா கள்ளப் பட்டம் கட்டுறாய்?"

தராசுப் படிக்கல்லைத் தூக்கிக் கவுண்டர்க் கண்ணாடிக்கு அடித்தான். கண்ணாடி அவள் முகத்தில் வெடித்தது. பிறகு ஆளையாள் அடித்தார்கள். மூட்டைகள் கிழிந்து யூரியா மழைச் சேற்றில் கரைந்தது. ரதீஸின் கழுத்தைப் பிடித்து மேனுகாவின் முகத்துக்கு நேரே கொண்டுபோய்க் காட்டினேன். புருவத்திலிருந்து இரத்தம் வடிந்தது, கண் தப்பியிருந்தது. அவன் அப்படியே சேற்றில் குந்திவிட்டான்.

அப்போதுதான் நைஜல் வெளியே வந்தான். "சிஸ்டத்தில பிழை இல்ல. இந்தப் புள்ள ஆளைப் பார்க்காம அமத்தியிருக்கு."

கீபோட்டைப் பிடுங்கி அவன் வாயில் அடித்தேன். திரும்பவும் அடித்தேன். எழுத்துக் கட்டைகளோடு ஒரு பல்லும் விழுந்தது.

பொலிஸ் வருகிறதாம். வரட்டும். என்ட கையை நான் ஒளிக்கமாட்டன்.

நவம்பர் 8

நீதவான் பிணை தந்தார். சங்கத்துப் பக்கம் போகக்கூடாது. றொவீனா போனில்: "உன்னை அண்ணா எண்டு கூப்பிட எனக்கு நாக்கு வருதில்ல." வைத்துவிட்டாள். மனைவி ஐரீன் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் இருக்காமல் எழும்பிப் போனாள். முப்பத்தாறு வருடத்தில் முதல்தரம்.

நவம்பர் 10, ஞாயிறு

மேனுகா தையல் போட்ட புருவத்தோடு வந்தாள். வருகிற வியாழன் திரும்ப யூரியா கொடுக்கும்போதும் அதே கவுண்டரில்தான் இருக்கப்போகிறாளாம்.

"விசரா புள்ள உனக்கு? இந்தமுறை மண்வெட்டியோட வருவானுகள்."

"நான் இல்லாட்டி அதில வேற புள்ள இருக்கும் அங்கிள். அவக்கும் முகம் இருக்கிதானே."

நான் மன்னிப்புக் கேட்டால் நைஜல் இன்டெக்ஸைத் திரும்பப் போடுவானா? மன்னிப்புக் கேட்கமாட்டேன். ஆனால் வியாழன் வருகிறதே.

நவம்பர் 12

நைஜலிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம். சொல் ஒன்றும் இல்லை. எக்ஸ்பிளைன் போட்டிருக்கிறான். சேர்வர் முழு அட்டவணையையும் தலைமுதல் கால்வரை வாசிக்கிறது. அவனுக்கும் தெரிகிறது.

பழைய இன்டெக்ஸ் கட்டளைகளை அனுப்பினேன். ஐரீன் இன்றைக்கு என் எதிரில் இருந்து சாப்பிட்டாள்.

நவம்பர் 13, புதன்

நாளைக்கு முன்னால் செய்யவேண்டியவை. படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பவேண்டும்.

நைஜல்: முதலில் பக்-அப். எடுத்தால் போதாது, வேறு மெசினில் ஏற்றித் திறந்து பார். பிறகு முதலெழுத்தையும் பெயரையும் பிரி. உரம் கொடுத்த அட்டவணையில் அங்கத்தவர் இலக்கத்துக்கு ஒரு இன்டெக்ஸ். பெயருக்கும் வட்டைக்கும் சேர்த்து ஒன்று. சேர்வர் வரிகளைப் புதிதாகக் கணக்கெடுக்க அனலைஸ் ஓட்டு. எக்ஸ்பிளைனை உண்மையான வரிகளில் போட்டுப் பார். நீ வெட்டியதில் உதவாத அந்த இரண்டு வெட்டியதாகவே கிடக்கட்டும். கொடுக்கும் நாளில் எதையும் தொடாதே.

மேனுகா: அங்கத்தவர் இலக்கம் சொல்லாதவனிடம் வட்டையைக் கேட்காமல் அமத்தாதே.

வினாயகமூர்த்தி: கண்ணாடிக்குப் பதில் கம்பிவலை. இன்றைக்கே.

ரதீஸ்: அங்கத்தவர் காட்டைக் கொண்டு வா. முன்னுக்கு நில். சத்தம் போடுகிறவனை நீயே அடக்கு.

ஐரீன்: நைஜலுக்குப் பல் கட்டுகிற செலவு என்னுடையது என்று றொவீனாவிடம் சொல்லவேண்டும். நான் சொல்லமாட்டேன்.

நான்: சங்கம் இருக்கிற பக்கம் போகாமல் வலையிறவுப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிற்பது. போனைச் சார்ஜில் போட்டுவைப்பது. நைஜல் எடுத்தால் ஏசாமல் பதில் சொல்வது.