ஃபிரிட்ஜைப் பிடிக்காதீர்கள்

என்னங்க,

சோறு குக்கரில் இருக்கிறது. ரசத்தைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

முதுகுவலிக்கு நான் யோகா செய்தபோது, "ஒத்தக் கால்ல நிக்கிற கொக்குக்கு மீன் கெடச்சுதா?" என்று சிரித்தீர்கள். அதனால்தான் இரண்டு நாளாகப் பேச்சில்லை.

நேற்று தையல் கடைக்குக் கிளம்பியவள், கத்தரிக்கோலை மறந்து திரும்பி வந்தேன். சமையலறையில் நீங்கள் ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றீர்கள். நான் சிரிக்கவில்லை, கவனியுங்கள். அந்த ஃபிரிட்ஜுக்கு அடியில் சக்கரம் இருக்கிறது. சுவரைப் பிடியுங்கள். முதுகு நிமிரட்டும், பார்வை ஒரே இடத்தில் இருக்கட்டும்.

பி.கு.: நேற்று எனக்கு பஸ் போய்விட்டது. நீங்கள் காலைக் கீழே வைக்கும்வரை வாசலைவிட்டு நகர மனம் வரவில்லை.