தென்கரைச் சாயப்பட்டறையின் மின்னோட்டத்தை நிறுத்தும்படி எழுதிய ஓலை

மலையருவியை மின்னாக்கி மனைதோறும் விளக்கேற்றிய குலத்தில் தோன்றி, வெள்ளருவி நாட்டை அறம் வழுவாது புரக்கும் அரசர் பெருமானின் திருவுளப்படி, கட்டுமான அமைச்சன் இளநாகன் தென்கரைக் கோட்டத்து அதிகாரி கீரங்கிழார்க்கு விடுக்கும் ஓலை. உமது கோட்டமும் துறையும் குடிகளும் நலம் பெறுக.

வாழ்த்தை நீட்ட மனம் ஒப்பவில்லை. இவ்வரியைக் கண்டதும் ஓலையைக் கீழே வைத்து, வேண்மாளின் சாயப்பட்டறையில் மின்னோட்டத்தை நிறுத்த ஆள் அனுப்புக. அனுப்பிய பின் மேலே படிக்கலாம்.

உமது காவலில் இருக்கும் தலைமை மின்பணியாளன் சேந்தனைக் குறித்து நீர் எழுதியது வந்தது. அரசாணையை மீறியவன் என்று எழுதியிருந்தீர். என் எழுத்தர் அங்கு வந்து அவனையும் மற்றவர்களையும் கேட்டு, அவரவர் வாய்ச்சொல்லை மாற்றாமல் பதிந்து வந்தார். நடந்தது இதுவே.

மின்விதி நூலின் ஏழாம் பதிப்பு தை முதல் நாள் நடப்புக்கு வரும் என்றும், அதற்குமுன் முடிந்த வேலை ஆறாம் பதிப்பின்படி இருந்தால் போதும் என்றும் நாம் முரசறைந்தோம். உடனே ஊரெல்லாம் அவசரம். புதிய விதி வருமுன் வேலையை முடித்துவிட வேண்டும் என்று ஒவ்வொருவரும் சேந்தனின் வாசலில் வந்து நின்றார்கள். மார்கழி ஒரே மாதத்தில் பத்தொன்பது இடங்களுக்குக் கம்பி இழுத்துத் தன் முத்திரையிட்டான். கடைசி இடம் சாயப்பட்டறை. ஆறாம் பதிப்பு கேட்ட சோதனை எதிலும் அங்கே குறையில்லை.

பகலில் பழைய நூலின்படி வேலை செய்தவன், மாலையில் மற்ற மின்பணியாளரோடு அமர்ந்து புதிய நூலைப் படித்தான். கசியும் மின்னை மண்ணில் இறக்கும் நிலக்கம்பியைக் குடிநீர்க் குழாயில் கட்டலாகாது என்ற பக்கத்தில் எல்லாரும் முணுமுணுத்தனர். இருபது ஆண்டுகளாகக் கட்டி வந்த கைகள் அவை. சேந்தனுக்கு உறுத்தியது வேறொரு பக்கம். ஈரத்தரை உள்ள இடங்களில் கசிவறுப்பான் இருந்தாக வேண்டும் என்றது அது. மின் கசிந்து தரையிலோ உடலிலோ இறங்கினால் இமைப்பொழுதில் ஓட்டத்தை அறுக்கும் சிறு பெட்டி அது. பழகிப் பார்க்க ஊருக்கு ஒன்றாக நாம் அனுப்பியிருந்தோம். சாயப்பட்டறையின் தரை காய்ந்து அவன் ஒருநாளும் கண்டதில்லை.  தை மூன்றாம் நாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனான்.

பொருத்தினான், ஓட்டம் அறுந்தது. மீண்டும் பொருத்தினான், மீண்டும் அறுந்தது. தன் கைதான் பிழையோ என்று நூலைப் பிரித்துப் பார்த்து மறுபடி பொருத்தினான். ஒவ்வொரு பொறியாக நிறுத்திப் பார்த்தபோது, மூன்றாம் தொட்டியில் சாயம் கலக்கும் பொறியிலிருந்து கசிவது தெரிந்தது.

“மூணு நாள் கொடுங்கம்மா, பொறியப் பிரிச்சு கம்பிச் சுருள மாத்திடறேன்” என்றான்.

“பத்து நாள்ல அரண்மனைக்கு விழாக்கொடி போகணும். இதுல மூணு நாளா?” என்றாள் வேண்மாள். “போன வாரம் முத்திரை போட்டது நீங்கதானே? அப்ப சரியா இருந்தது இப்ப எப்படித் தப்பாச்சு?”

“அப்ப எனக்குத் தெரியலம்மா.”

“நாள் குறிச்சது அமைச்சர். அதுக்குள்ள நான் முடிச்சிட்டேன். போய் அவர்கிட்டக் கேளுங்க.”

அவள் சொன்னதில் பொய்யில்லை.   ஆயினும் சேந்தன் தலைமைப் பெட்டியின் உருகுகம்பியைக் கழற்றி ஓட்டத்தை நிறுத்தி, அதை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியேறினான். அவனுக்கு அந்த அதிகாரம் இல்லை என்பது மெய்யே.

நீர் அவனைச் சிறைப்பிடித்தீர். கசிவறுப்பானையும் சான்றுப்பொருள் என்று பூட்டிவைத்தீர். வேறொருவனைக் கொண்டு ஓட்டத்தை மீட்டீர். மறுநாள் முற்பகலில், மூன்றாம் தொட்டியின் விளிம்பைப் பிடித்த மருதி என்னும் சாயப்பெண் தூக்கி எறியப்பட்டாள். பிழைத்துக்கொண்டாள். வலக்கை விரல்கள் மடங்கவில்லை. நீரோ நிலக்கம்பியை இறுக்கச் சொல்லி, அன்று மாலையே பட்டறையை ஓட விட்டீர்.

என்ன வேண்டும் என்று என் எழுத்தர் கேட்டதற்கு மருதி சொன்னது: “எனக்கு ஒண்ணும் வேணாங்க. அந்தத் தொட்டிய நிறுத்தச் சொல்லுங்க. என் இடத்துல இப்ப என் தங்கச்சி நிக்கிறா.”

இவ்வரியைப் படித்தது முதல் என்னால் இருக்கையில் இருக்க முடியவில்லை.

சேந்தனிடம் மருதியின் செய்தியைச் சொன்னபோது அவன் முகத்தை மூடிக்கொண்டானாம். தனக்கு விடுதலை கேட்கவில்லை. “மிச்சம் பதினெட்டு எடம் இருக்கு. அதையெல்லாம் யாராவது பாக்கறாங்களா?” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான்.

கீரங்கிழாரே, உம்மீது குற்றம் சுமத்த எனக்கு நா எழவில்லை. பழைய வேலைக்கு விலக்களித்த வாசகத்தை எழுதியவன் நானே. பணியாளர்க்குப் பழக நாள் வேண்டும் என்றே எண்ணினேன். அந்நாளில் ஈரத்தரையில் நிற்பவரை எண்ணினேனல்லேன். அரசர் பெருமான் திருமுன் இதை ஒப்புக்கொண்டேன். கொடிகள் வராமற்போனால் கொடியின்றியே விழா நடக்கட்டும் என்று அவர் அருளினார்.

ஆதலின் ஆணை இது. ஈரத்தரை உள்ள இடம் எதற்கும், என்று முடிந்த வேலையாயினும், இனி விலக்கு இல்லை. சேந்தனை இன்றே விடுவிக்க. உருகுகம்பியைக் கழற்றும் அதிகாரம் இவ்வோலையால் அவனுக்கு அளிக்கப்பட்டது. அவனோடு பதினெட்டு இடங்களுக்கும் நீரே நடந்து செல்க. வேண்மாளை யாரும் கடிந்து பேசலாகாது.

கசிவறுப்பான்கள் இன்னும் போதிய அளவில் செய்யப்படவில்லை. அரண்மனை நீராட்டு மண்டபத்திலும் மடைப்பள்ளியிலும் இருந்த ஆறையும் கழற்றி, இவ்வோலை கொணரும் வீரனிடம் தந்துள்ளோம். புதியவை வரும்வரை அவ்விரண்டிடத்திலும் எண்ணெய் விளக்கே எரியும்.

அருவி முத்திரை பொறித்து, தை ஒன்பதாம் நாள் விடுத்தது. வாசகமும் பிழையும் இளநாகனுடையவை, ஆணை அரசருடையது.