டேங்கரில் வந்த புதுமை

அன்பு மகள் ஷெர்லினுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதா தயவில் இங்கே நாங்கள் சுகம், உன் அப்பாவின் வாய் அதைவிடச் சுகம். ஹாலந்துக் குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அவர் பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொள்கிறார், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

கடல் ஏற ஏற ஊர்க் கிணறுகளில் உப்பு எவ்வளவு கூடுகிறது என்று பார்க்க நம் கிணற்றில் ஒரு கருவியைத் தொங்கவிட்டுப் போனாயே, அது போன வாரம் திடீரென்று நல்ல தண்ணீர் காட்டியதாகக் குதித்தாய், தெருவில் மழைநீருக்கு வெட்டிய குழிகள் வேலை செய்கின்றன, வெள்ளிக்கிழமை பேராசிரியர்கள் முன்னால் இதைத்தான் சொல்லப்போகிறேன் என்றாய். சொல்லித் தொலைக்காதே. போன ஞாயிற்றுக்கிழமை முழங்கால் வலி என்று படுத்துக்கொண்ட உன் அப்பா, தெருவே பூசைக்குப் போன நேரம் பார்த்து ஒரு டேங்கர் தண்ணீரைக் கிணற்றில் இறக்கிவிட்டார். அடுத்த லோடு எப்போது அக்கா என்று டேங்கர்க்காரர் நேற்று வாசலில் வந்து கேட்டபோதுதான் எனக்கே தெரியும். அதற்குள் எதிர்வீட்டு ஞானசௌந்தரி ஒரு வாய் குடித்துவிட்டு, ஏளா விஜிலா, மாதா புதுமை பண்ணிட்டா என்று, அற்புதம் நடந்துவிட்டதாக ஊரைக் கூட்டி, கிணற்றைச் சுற்றி ஒரே மெழுகுவர்த்தி. மாதா வந்தாலும் லாரியிலா வருவாள்? பங்குச் சாமியாரும் வந்து பார்த்துவிட்டு ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோனார்.

மகள் பரீட்சைக்குக் கிணற்றை பிட் அடிக்க வைத்தீர்களா என்று அவரைப் பிடித்துக்கொண்டேன். வாளிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே காரணத்தைச் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, கொஞ்ச வருஷத்தில் நம் தெரு ஆள் இருக்க லாயக்கில்லாமல் போகும் என்று சாப்பிடும்போது சொன்னாயாமே. நீ மறந்திருப்பாய். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனுஷன், அந்தப் பேச்சில் ஆடிப்போய்விட்டார். கிணறு நன்றாக இருந்தால் அவ மாத்தி எழுதுவாள்ல என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபமும் போகவில்லை.

நீ உள்ளதை உள்ளபடி சொல். டேங்கர் கதையையும் சேர்த்தே சொல், வெட்கம் எங்களுக்குத்தான், உனக்கில்லை. காலையில் குடித்துப் பார்த்தேன், பழையபடி கரிக்கிறது.

தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. மாதா உன்னைக் கைவிடமாட்டாள். இதை எழுதும்போதே அப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டார். உப்புன்னே எழுதட்டு, ஆனா இங்கன நாங்க இருக்கோம்னும் ஒரு வரி எழுதச் சொல்லுளா என்கிறார்.

முத்தங்களுடன்,
உன் அம்மா விஜிலா