முதல் பிடி மண்

ஆரணி
8-6-79

அன்புள்ள உண்ணாமலைக்கு,

கமலம் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். பள்ளிக்கூடம்தான் நன்றாக இல்லை.

நீங்கள் பெங்களூர் போன பிறகு புதுத்தெருப் பிள்ளைகளும் இங்கேயே வந்து சேர்ந்துவிட்டார்கள். பள்ளிக்கூட முற்றம் உனக்குத் தெரியாததா? இரண்டு மாட்டுவண்டி நின்றால் மூன்றாவது வண்டி தெருவில்தான் நிற்க வேண்டும். அதில்தான் ஐந்து வகுப்பும் விளையாடுகிறது. நேற்று ஒரு பையன் ஓடிவந்து இன்னொருவன் மேல் மோதினான். இவனுக்கு நெற்றி வீங்கிவிட்டது, அவனுக்கு முன்பல் போயிற்று. விழுந்த பல்லைக் குனிந்து தேடக்கூட முடியவில்லை, அத்தனை கால்கள்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். பின்சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் மனை. மழையில் வீடு விழுந்ததிலிருந்து முள்தான் மண்டிக் கிடக்கிறது. சுவரை எடுத்துவிட்டு அதைப் பிள்ளைகளுக்கு விளையாட விடுவீர்களா? வேலை செய்யப் பெற்றோர்கள் தயார். இந்த மாதம் அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. அன்று தறியும் ஓடாது, பள்ளிக்கூடமும் கிடையாது. இந்த மாதிரி நாள் மறுபடி எப்போது அமையுமோ.

மாணிக்கவேலு அண்ணனிடம் கேட்டு எழுது. கலசப்பாக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, உன் வீட்டு முன்னறையில் குடியிருந்து, உன் குழம்பிலேயே வருஷக்கணக்கில் ஓட்டியவள் கேட்கிறேன்.

உன்,
கமலம்


பெங்களூர்
14-6-79

அன்புள்ள கமலத்துக்கு உண்ணாமலை எழுதுவது.

பெரிய டீச்சரம்மாவுக்கு இப்போதுதான் என் விலாசம் ஞாபகம் வந்ததா? காரியம் இருந்தால்தான் இன்லண்டு லெட்டர் வாங்குவாய் போலிருக்கிறது. போகட்டும், வந்ததே.

அவரிடம் படித்துக் காட்டினேன். "புள்ளைங்க வெளையாடறதுக்கா? தாராளமா எடுத்துக்கச் சொல்லு. முள்ளு மொளச்சிகினு கெடக்கறதுக்கு அது எவ்வளவோ மேலு" என்றார். யோசிக்கக்கூட இல்லை. எழுத்து எதுவும் வேண்டுமென்றால் வரும்போது கையெழுத்துப் போடுகிறாராம். நீ சுவரை இடித்துக்கொள்.

அவர் உட்கார்ந்து நெய்த தறிக்குழியை என்ன செய்வது என்று மட்டும் கேட்டேன். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பார்க்கலாம் என்றார். நம் தெருவில் நெய்கிற சுப்பராயலு அண்ணனுக்கு எல்லாம் தெரியும், அவர் பார்த்துக்கொள்வார்.

இங்கே அமாவாசைக்கும் மிஷின் தறி ஓடுகிறது. அன்றைக்கு மட்டும் இவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். மற்றபடி சௌக்கியம். வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே.

உன்,
உண்ணாமலை


ஆரணி
25-6-79

என் அன்பு உண்ணாமலைக்கு,

நேற்றைக்கு நீ இங்கே இருந்திருக்க வேண்டும்!

விடிவதற்குள் கடப்பாறையும் மண்வெட்டியுமாக வந்துவிட்டார்கள். ஒருவரையும் நான் அதட்டவில்லை. எனக்கே ஏமாற்றமாகப் போய்விட்டது. ஆண்கள் சுவரைத் தள்ளினார்கள். பெண்கள் கூடை கூடையாக மணல் சுமந்து கொட்டினார்கள். உடைந்த தறியில் துணி சுருட்டும் படைமரத்தைக் கொண்டுவந்து, நடுவில் ஒரு முட்டுக் கொடுத்து, சீசா பலகை ஆக்கிவிட்டார்கள். வேப்பமரத்தில் ஊஞ்சல். பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாள் எல்லோருக்கும் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி ஊற்றினாள்.

சுப்பராயலு மட்டும் காலையிலிருந்து ஒரு மூலையில் தனியாக என்னவோ செய்துகொண்டிருந்தார். போய்க் கேட்டேன். "இது எங்க வேலைங்க டீச்சர். நீங்க போய் அந்தப் பக்கம் பாருங்க" என்றார். வந்துவிட்டேன். தொழில்காரர்களிடம் நின்று கேள்வி கேட்டால் வேலை நடக்காது.

இன்று இடைவேளையில் பிள்ளைகள் முதலில் ஓடவே இல்லை. பழைய முற்றத்தின் விளிம்பில் நின்று என் முகத்தைப் பார்த்தார்கள். "போங்கடா" என்றேன். அப்போது எழுந்த கூச்சல் உனக்குப் பெங்களூரில் கேட்டிருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரிடமும் சொல்லாதே.

அண்ணனுக்கு என் கும்பிடு.

கமலம்


ஆரணி
10-7-79

உண்ணாமலை,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து சரியாக இருக்காது.

இரவெல்லாம் மழை. காலையில் நாலாம் வகுப்புப் பெண்கள் உங்கள் மனைப் பக்கம் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். சுப்பராயலுவின் மகள் ரேணுகாம்பாள் குதித்தாள். குதித்தவள் இல்லை. கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்த பெண்கள் பிடித்தபடியே நிற்கிறார்கள், நடுவில் ஆள் இல்லை. அப்புறம்தான் கீழேயிருந்து சத்தம் வந்தது.

உங்கள் தறிக்குழி. அண்ணன் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்த அதே குழி. அதை மூடவே இல்லை, உண்ணாமலை. இடிந்த வீட்டுக் கதவை அதன்மேல் போட்டு மணலைப் பரப்பியிருக்கிறார்கள். கரையான் தின்ற கதவு. பிள்ளைக்குக் கால் முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். தலையில் அடிபடவில்லை. நான் கும்பிடாத சாமி இல்லை.

கதவைப் போட்டது யார் தெரியுமா? அவளைப் பெற்ற சுப்பராயலுதான்! அதைக்கூட விடு. ஆஸ்பத்திரி வாசலிலேயே, "இப்பவே போய் அந்தக் குழியை மூடுங்கள்" என்றேன். அழுதுகொண்டே சொல்கிறார்: "எம் பொண்ணு காலு ஒடிஞ்சது நெஜம்தாங்க டீச்சர். அதுக்காவ மாணிக்கவேலு குழியில நான் மண்ணு போட முடியுங்களா? அவன் உசுரோட கீறான்." தெருவில் எல்லோரையும் கேட்டுவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, சொந்தக்காரர் வரட்டும் என்கிறார்கள்.

இவர்களோடா நான் இத்தனை வருஷம் இருந்தேன்? என் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு பள்ளம் வாயைத் திறந்துகொண்டு இருக்கிறது. கயிறு கட்டித் தடுத்திருக்கிறேன், பிள்ளைகளை மறுபடியும் பழைய முற்றத்தில் அடைத்துவிட்டேன். உடனே பதில் போடு.

கமலம்


ஆரணி
15-7-79

உண்ணாமலை,

உன் பதில் வரவில்லை. என்னால் காத்திருக்க முடியவில்லை. முந்தாநாள் மூன்றாம் வகுப்புப் பயல் ஒருவன் கயிற்றுக்குக் கீழே நுழைந்து, குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். காதைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அன்றைக்கே என் கூடப்பிறந்த அண்ணன் தருமனுக்குச் சொல்லி அனுப்பினேன். இன்று காலையில் கலசப்பாக்கத்திலிருந்து வண்டியில் மொரம்பு மண் கொண்டுவந்து குழியில் கொட்டி, திமிசு போட்டு இடித்துக் கெட்டிப்படுத்திவிட்டார். இனி யானை நடந்தாலும் உள்வாங்காது.

அவ்வளவு சத்தத்துக்கும் தெருவில் ஒரு கதவு திறக்கவில்லை. தருமன் தண்ணீர் கேட்டதற்குக்கூட யாரும் வெளியே வரவில்லை. கிருஷ்ணம்மாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளைகள் விழட்டும், வழக்கம் விழக்கூடாதா?

ரேணு என்னைப் பார்த்ததும் வீட்டுப்பாடம் உண்டா என்று கேட்டாள். தேறிவிடுவாள்.

கமலம்


பெங்களூர்
15-7-79

என் கமலத்துக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து இந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. "எங் குழிதானே அந்தப் புள்ளை காலை ஒடிச்சது" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. இப்போது பார்த்துவிட்டேன்.

தப்பு என் மேல்தான். நீ எங்கள் தெருவிலேயே கிடந்ததால் உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். தறிக்குழியை எவர் வேண்டுமானாலும் மூடிவிடக்கூடாது, கமலம். அதில் கால் வைத்துப் பிழைத்தவன்தான் கற்பூரம் ஏற்றி, அவன் கையால் முதல் பிடி மண் போடவேண்டும். அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் போடலாம். அவன் இருக்கும்போது வேறு ஒருவர் போட்டால், அவன் செத்துவிட்டான் என்று சொல்லி மண் தள்ளியதாக அர்த்தம். அதனால்தான் சுப்பராயலு அண்ணன் பெற்ற பெண் விழுந்தும் கை வைக்கவில்லை.

இவர் மனையைக் கொடுக்க யோசிக்கவே இல்லை. குழியை மூடத்தான் மனசு வரவில்லை. மூடிவிட்டால் தான் நெசவாளியே இல்லை, வெறும் மிஷின் கூலி என்று ஆகிவிடுமாம். இப்போது அவரே சொல்லிவிட்டார்: "அமாவாசைக்குப் போலாம். எங் கையாலயே மூடிட்டு வரலாம்."

முதலாளியிடம் லீவு சொல்லியாகிவிட்டது. கற்பூரம், தேங்காய் வாங்கி வைத்துவிட்டேன். வருகிற ஆடி அமாவாசைக்கு விடியும்போது அங்கே இருப்போம். அதுவரை யாரும் மண் போடாமல் பார்த்துக்கொள், உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

உன்,
உண்ணாமலை


பெங்களூர்
19-7-79

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

தாங்கள் 15-ந் தேதி எழுதிய கடிதம் கிடைத்தது.

பை கட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. வழக்கம்போல உரக்கப் படிக்கத் தொடங்கிவிட்டேன். பாதியில் நிறுத்த முடியவில்லை. திமிசு போட்டு இடித்தது வரைக்கும் கேட்டார். பிறகு கட்டிய பையை அவரே அவிழ்த்து, வேட்டியை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு மிஷினுக்குப் போய்விட்டார்.

மனையைத் திருப்பிக் கேட்கமாட்டோம். பிள்ளைகளுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். கையெழுத்து வேண்டுமென்றால் காகிதத்தை அனுப்புங்கள்.

சுப்பராயலு அண்ணன் மகள் குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இனி எங்களுக்குக் கடிதம் எழுதிச் சிரமப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
மா. உண்ணாமலை


ஆரணி
24-7-79

உண்ணாமலைக்கு,

எழுதவேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் இரண்டு கடிதமும் சனிக்கிழமை ஒன்றாக வந்தன. முன்னால் எழுதியது எந்தத் தபாலாபீசில் படுத்துக் கிடந்ததோ. அதை முதலில் படித்தேன். அடுத்ததைப் பிரித்தால், என்னை "தாங்கள்" என்று கூப்பிட்டிருக்கிறாய். இத்தனை வருஷத்தில் நீ என்னைத் திட்டியிருக்கிறாய், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு துரத்தியிருக்கிறாய். ஒருநாளும் மரியாதை கொடுத்ததில்லை.

உயிரோடு இருக்கிற மனுஷன் மேல் நான் மண்ணைத் தள்ளியிருக்கிறேன். திமிசு வேறு போட்டிருக்கிறேன். தெருவே கதவைச் சாத்திக்கொண்டது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது.

நேற்று ஆடி அமாவாசை. விடிந்ததும் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தோண்ட ஆரம்பித்தேன். தருமன் எப்படிக் கெட்டிப்படுத்தியிருக்கிறார் தெரியுமா? கடப்பாறை தெறிக்கிறது. குடியானவன் வீட்டில் பிறந்த எனக்கே நாக்குத் தள்ளிவிட்டது. தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தார்கள். சுப்பராயலு வந்து நின்று, "இன்னா டீச்சர் பண்றீங்க?" என்றார். "திறக்கிறேன்" என்றேன். "மூடத்தாங்க கூடாது. தோண்டலாம்" என்று சொல்லி என் கையிலிருந்து கடப்பாறையை வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள். கிருஷ்ணம்மாள் கூடை கொண்டுவந்தாள்.

வெயில் ஏறுவதற்குள் அடிமண் வரைக்கும் திறந்துவிட்டோம். சுற்றி ஆளுயரத்துக்கு மூங்கில் தட்டி கட்டி, வாசல் வைத்துப் பூட்டியிருக்கிறேன். சாவி என் கழுத்துச் சங்கிலியில் தொங்குகிறது. நீங்கள் வரும்வரைக்கும் பிள்ளைகள் பழைய முற்றத்தில்தான். இன்று இடைவேளையில் இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள். அழுத பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு நானும் அழுதேன். இருந்தாலும் அண்ணன் கை படாமல் அந்தத் தட்டியைப் பிரிக்கமாட்டேன்.

நீங்கள் வராவிட்டால் குழி அப்படியே இருக்கும்.

கமலம்


பெங்களூர்
28-7-79

அடி பாவி! அடி பைத்தியக்காரி!

தோண்டினாயா? நீயா? யாராவது கேட்டால் சிரிப்பார்களடி! ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை விடியற்காலையில் கடப்பாறை எடுத்துக்கொண்டு, மூடிய குழியை மறுபடியும் தோண்டினாளாம்! இரண்டாம் தரம் படித்தேன். மூன்றாம் தரம் அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"டீச்சரா? டீச்சரா?" என்று இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கிருந்தே, "அந்தப் புள்ளைங்களை இன்னும் அந்த முத்தத்துலயா அடைச்சி வச்சிகினு கீது? ஜல்தியா கெளம்பு" என்றார். இப்போதே வேண்டாம், தெருவில் எல்லோருக்கும் தறி ஓயும் அடுத்த அமாவாசை வரட்டும் என்று நான்தான் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். அதுவரை பிள்ளைகளைச் சுவரோரமாகப் பார்த்து ஓடச் சொல்.

அமாவாசை பள்ளிக்கூட நாளில் வருகிறது. அதுதான் வேண்டுமாம் அவருக்கு. பிள்ளைகள் எல்லோரும் அங்கே நிற்கவேண்டுமாம். முதல் பிடி அவருடையது. இரண்டாம் பிடி ரேணுகாம்பாள் கையால். நடக்க முடியாவிட்டால் சுப்பராயலு அண்ணன் தூக்கிக்கொண்டு வரட்டும். அதற்கப்புறம் பிள்ளைகளே தள்ளி மூடட்டும் என்கிறார். "எங் காலு ஆடுன எடத்துல அதுங்க காலு ஆடட்டும்" என்று சொன்னார்.

போனமுறை வாங்கிய தேங்காயைச் சட்னி அரைத்துவிட்டேன். வேறு வாங்கி வருகிறேன். முன்னறையைக் கூட்டி வை என்று எழுதப்போனேன், இடிந்த வீட்டில் முன்னறை ஏது? உன் வீட்டில்தான் தங்குவோம்.

கடப்பாறை பிடித்ததில் உள்ளங்கை கொப்பளித்திருக்கும். கிள்ளிவிடாதே. தேங்காய் எண்ணெய் தடவு.

உன்,
உண்ணாமலை