கப்பல் வராத வாரத்தில் ஒரு கடைவாய்ப் பல்

ஜனவரி 9

இன்றும் கப்பல் வரவில்லை. அக்கரையில் ஓபன் துறைமுகத்தை விட்டுக் கிளம்பவே இல்லையாம். பால் தீர்ந்துவிட்டது. கோழிக்கூண்டின் கூரை பறந்துபோய்க் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறது, சரியாக என் புருஷன் நியாலின் மேல். உயிரோடு இருந்தபோது அந்தக் கூரையைச் சரிசெய்யச் சொல்லி எத்தனை முறை கேட்டிருப்பேன்.

இது போதாதென்று எஃபியின் கடைக் கதவில் பெட்டிக்ரூ ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார். "வடமேற்குக் காற்று. மிகக் கடுமை." ஆகா! எடின்பரோவில் காலமெல்லாம் பல் பிடுங்கிவிட்டு, ஓய்வு பெற்று என் பக்கத்து வீட்டை வாங்கி, இப்போது காற்றுக்கு நாடி பார்க்கிறார். நான் படித்து முடிப்பதற்குள் காகிதம் கிழிந்து கடலுக்குப் போய்விட்டது.

"நல்ல மனுஷன் அண்ணி," என்றாள் எஃபி. விலை கேட்காமல் பாலாடைக்கட்டி வாங்குகிற எவரும் என் நாத்தனாருக்கு நல்ல மனுஷன்தான்.

ஜனவரி 11

பெட்டிக்ரூ குடையோடு வெளியே வந்தார். குடை! இந்தத் தீவில்! வாசலைத் தாண்டுவதற்குள் அது தலைகீழாகிவிட்டது. மஞ்சள் மழைக்கோட்டு படபடக்க, அதன் பின்னால் வேலி வரை ஓடினார். நான் சுவரோரம் ஓர் ஆட்டைக் கொம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். காதுக்குள் மழை.

"பிரமாதமான காத்து, இல்லீங்களா?" என்று கத்தினார்.

பிரமாதமாம்.

ஜனவரி 12

மின்சாரம் போய்விட்டது. ஊர்க் கூடத்தில் எரிவாயு அடுப்பு இருப்பதால் எல்லாருக்கும் அங்கே சூப். பெட்டிக்ரூ எனக்கு எதிரே உட்கார்ந்தார். கரண்டி கிண்ணத்தில் கடகடவென்று இடிக்கிறது. பாதி சூப் வாய்க்கு, பாதி கழுத்துப் பட்டைக்கு.

"காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டார் போல," என்று எஃபியின் காதில் சொன்னேன். காதில்தான் சொன்னேன். ஆனால் அவர் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனார். போகட்டும். டாக்டராம்.

ஜனவரி 13

பல் வலி. இடது கடைவாய், கீழே. ஒன்றுமில்லை.

ஜனவரி 14

ஒன்றுமில்லை என்று எழுதிய கையை உடைக்க வேண்டும். கிராம்பு, உப்புத் தண்ணீர், விஸ்கி. விஸ்கி பரவாயில்லை, வலி போகவில்லை, வலி மேல் இருந்த கோபம் போயிற்று.

அடுத்த தீவில் இருக்கும் நர்ஸுக்குப் போன் செய்தேன். கூடத்தில் இருக்கும் அவசரப் பெட்டியில் மாத்திரை இருக்கும் என்றாள். இருந்தது, காலாவதி ஆகி. "இல்லாததுக்கு அது தேவலை, முழுங்குங்க. காத்து குறைஞ்சாதான் ஹெலிகாப்டர் வரும்."

எஃபி சும்மா இருப்பாளா? "பக்கத்து வீட்லயே பல் டாக்டர வச்சுக்கிட்டு ஏன் அண்ணி அழறீங்க?"

"அந்தக் குடிகாரன் கையில வாயைக் குடுக்கறதுக்கு, கடாகிட்ட முட்டு வாங்கிக்குவேன்."

ஜனவரி 15

வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. கண்ணாடியில் என் முகம் அல்ல, டர்னிப் கிழங்கு. ரொட்டியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். காற்று நிற்கவில்லை. சனியன்.

ஜனவரி 16

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் எஃபி என்னைக் கேட்காமலே பெட்டிக்ரூவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கோட்டிலிருந்து என் தரையெல்லாம் தண்ணீர். அவர் என்னை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, தாடைக்குக் கீழே அழுத்திப் பார்த்தார்.

"முழுங்க முடியுதா?"

"கஷ்டம்."

"எப்பலேருந்து?"

"விடியலேருந்து."

வேலியோரம் குடை துரத்திய மனிதரின் முகம் இல்லை அது. எஃபியைத் தள்ளிக் கூப்பிட்டு மெதுவாகப் பேசினார். பல்தான் கெட்டிருக்கிறது, என் காது கெடவில்லை.

"இது தொண்டைக்கு இறங்கிட்டா மூச்சை அடைச்சிடும். இன்னிக்கே பல்லை எடுத்து சீழை வெளியேத்தணும்."

"அப்ப எடுங்களேன்!" என்றேன்.

அவர் இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார். இடது கை லேசாக ஆடியது. வலது கை, அவிழ்ந்த பாய்மரக் கயிறு மாதிரி உதறிக்கொண்டிருந்தது.

"மூணு வருஷமா இப்படித்தான். நரம்பு வியாதி. கரண்டியே நிக்க மாட்டேங்குது. உங்க பல்லை எப்படிங்க பிடிப்பேன்?"

கூரையில் காற்று அறைந்துகொண்டிருந்தது.

ஆக, குடி இல்லை. ஊரே குடி என்றது, ஊருக்கு எடுத்துக் கொடுத்தது நான். சரி, வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம் இல்லையா? நாங்கள் என்ன ஜோசியமா பார்க்கிறோம்? — எழுதிவிட்டேன். படித்துப் பார்த்தால் பிடிக்கவில்லை. கிடக்கட்டும்.

ஒரு தோல் சுருளிலிருந்து பல் பிடுங்கும் குறடுகளை எடுத்தார். "இதை எதுக்கு இங்க தூக்கிட்டு வந்தீங்க?" என்று எஃபி கேட்டாள். "தூக்கிப் போட மனசு வரல." நான் முட்டை வேகவைக்கும் பாத்திரத்தில் அவற்றைக் கொதிக்கவைத்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்.

"ஆடு குட்டி போடறப்ப இழுத்து எடுத்திருக்கீங்களா?"

"இந்தத் தீவுல பாதி ஆடு என் கையாலதான் வெளிய வந்துச்சு."

"அப்ப உங்க கைதான்."

எஃபியின் கையா! கடைத் தராசில் வெண்ணெயோடு கட்டைவிரலையும் சேர்த்து நிறுக்கிற கை! முடியாது என்று கத்தினேன். வெளியே வந்தது "முயாயு". எஃபி சிரித்துவிட்டாள், பாவி.

விஸ்கி கொடுத்தார்கள். பெட்டிக்ரூ எனக்குப் பின்னால் நின்று, என் தலையைத் தன் முழங்கைகளுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்தார். அவர் நடுக்கத்தில் என் தலையும் சேர்ந்து ஆடியது. ஆனால் குரல்? குரல் துளிகூட ஆடவில்லை.

"இழுக்காதீங்க. முதல்ல கீழ அழுத்துங்க. இன்னும். இப்ப கன்னத்துப் பக்கம் சாயுங்க… இப்ப நாக்குப் பக்கம். அவசரமே இல்ல. அவங்க கத்துவாங்க, கத்தட்டும்."

"அண்ணி, மன்னிச்சுக்குங்க அண்ணி—"

"அவங்ககிட்ட பேசாதீங்க, பல்லப் பாருங்க. திரும்பவும் வெளிப்பக்கம்."

கத்தினேன். நியாலின் குடும்பத்தையே, அவனையும் சேர்த்து, தாத்தா காலம் வரை திட்டினேன். பழைய கதவு பெயர்கிற மாதிரி மண்டைக்குள் ஒரு சத்தம். அப்புறம் சூடாக, நாற்றமாக, வாய் நிறைந்தது. துப்பினேன், துப்பினேன்.

பெட்டிக்ரூ பல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கச் சொன்னார். "வேர் முழுசா வந்திருக்கு," என்றார். அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். எஃபி என் பாத்திரம் கழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தாள். ஆட்டுக்குட்டி இழுக்கிறவளாம்.

ஜனவரி 17

தூங்கினேன். வீக்கம் பாதிதான் இருக்கிறது. பெட்டிக்ரூ மூன்று தடவை எட்டிப் பார்த்தார். மூன்று தடவையும் தரையை ஈரமாக்கினார்.

ஜனவரி 19

கப்பல் வந்தது. வழக்கம்போல் துறையில் நான்தான் அதன் கயிற்றைப் பிடித்துக் கட்டினேன். ஒரு பக்கம் கன்னம் பெரிதாக இருந்ததை மாலுமிகள் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும், பல் இருக்கிறது அவர்களுக்கு.

நர்ஸ் வந்து வாய்க்குள் விளக்கடித்தாள். "யாரு எடுத்தது? இவ்வளவு சுத்தமா?"

"மளிகைக்கடைக்காரி."

அவள் நம்பவில்லை. புது மாத்திரை கொடுத்தாள்.

அதே கப்பலில் பெட்டிக்ரூவின் மகள் ரோனாவும் வந்திறங்கினாள். ஜனவரியில், இந்தத் துறையில், வெள்ளைக் காலணி!

ஜனவரி 20

எல்லாம் கடையில் வைத்து நடந்தது. எங்கள் ஊரில் வேறெங்கே நடக்கும்?

அப்பாவைக் கூட்டிப்போக வந்திருக்கிறாளாம். எடின்பரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் அறை பார்த்தாயிற்றாம். அவர் முகத்தைப் பார்க்காமல் எங்களிடம் சொன்னாள், பார்சலைப் பற்றிச் சொல்வதுபோல்.

"நான் இங்கயே இருக்கேன்மா," என்றார் அவர், தரையைப் பார்த்து.

"எப்படிப்பா? காலையில சட்டைப் பொத்தான் போட முடியுதா உங்களால? நேத்து பாதி பொத்தான் திறந்தபடி படுக்கையில உக்காந்திருந்தீங்க. இங்க யாரு இருக்கா உங்களுக்குப் போட்டுவிட?"

எஃபி தராசைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தேன். அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

அந்தப் பெண் கெட்டவள் இல்லை. பேசும்போது அவளுக்குத் தாடை நடுங்கியது. பயந்துபோயிருக்கிறாள். பயந்த ஆடும் இப்படித்தான் முட்டும்.

"நான் போட்டு விடறேன்," என்று யாரோ சொன்னார்கள். நான்தான். "பக்கத்து வீடு. காலையில எனக்கென்ன பெரிய வேலை."

பெட்டிக்ரூ ஒன்றும் சொல்லவில்லை. நல்ல வேளை. ஏதாவது சொல்லியிருந்தால் வாபஸ் வாங்கியிருப்பேன்.

ஜனவரி 22

ரோனா மட்டும் கப்பல் ஏறினாள். ஏறுமுன் என்னைக் கட்டிக்கொண்டாள், கயிறு பிடிக்கிற நேரம் பார்த்து. இந்த நகரத்துக்காரர்களுக்கு எதை எப்போது செய்வதென்றே தெரியாது.

பிப்ரவரி 3

பெட்டிக்ரூவின் சட்டைகளில் எல்லாம் ஏழு பொத்தான். கையில் வேறு இரண்டிரண்டு. கழுத்து இறுக்குகிறது, கை தளர்கிறது என்று ஆயிரம் குறை. தினமும் இதோடு மல்லுக்கட்ட எனக்கு வேறு வேலை இல்லையா என்ன?

பொத்தானே இல்லாத கம்பளிச் சட்டை ஒன்று பின்ன ஆரம்பித்திருக்கிறேன். சாம்பல் நிறம். எஃபி நீலம் நன்றாக இருக்கும் என்றாள்.

பிரித்துவிட்டு நீலத்தில் ஆரம்பித்தேன்.