எமனின் கயிறு

நமுனுகுல,
தை 20

ஜெயரூபனுக்கு,

இருபத்திரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நம் தேயிலைத் தோட்டத்தை வைத்து நீ ஒரு வீடியோ கேம் செய்து, அதில் என்னை எமனாக நிறுத்தியிருக்கிறாய். இதற்கு மேலும் பேசாமலிருக்க நான் கல்லில்லை.

இங்கே நலம். நீயும் டொரொன்டோவில் நலமாகத்தான் இருப்பாய். உன்னைப் போன்றவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

என் பத்தாம் தர வகுப்பு முழுக்க அதைத்தான் விளையாடுகிறது. கொழுந்துக் கூடையைக் கேடயமாகவும் அகப்பையை வாளாகவும் பிடித்துக்கொண்டு ஒருவன் மலையேறுகிறான். நாய் அளவு அட்டைகள் பாய்கின்றன. உப்பை வீசினால் சுருண்டு விழுகின்றன. உயிர் குறைந்தால் ஒரு கோப்பை பிளேன்டீ. காலையில் பேர் போடும் பெரட்டுக்களத்துக் குட்டிச்சாத்தான், பிந்தி வந்தவனின் உயிரில் பாதியை, அரைநாள் சம்பளத்தை வெட்டுவதுபோல் வெட்டி "அரைப்பேர்!" என்று கத்தும் இடத்தில் நானே சிரித்துவிட்டேன். இதை எழுதியிருக்க வேண்டியதில்லை.

பிறகு எமன் வருகிறான். இடுப்பில் கயிறு, மூக்கில் என் கண்ணாடி. அடி வாங்கும்போதுகூட எதிரியின் தமிழைத் திருத்துகிறான். நிஷாந்தினி என்ற மாணவி வகுப்பிலேயே எழுந்து, "சார், எமன் உங்கள மாதிரியே இருமுறாருங்க சார்!" என்றாள்.

நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். அந்த வருடக் காமன் கூத்தில் எமன் வேஷம் எனக்கு. ஆவேசத்தில் எமன் கூட்டத்துக்குள் பாய்ந்துவிடாமல் இடுப்புக் கயிற்றை ஒருவன் பின்னால் நின்று பிடித்துக்கொள்வது வழக்கம். பிடித்தவன் நீ. நான் உச்சத்தில் ஆடும்போது விட்டாய். கிரீடத்தோடு தேயிலைக் கானுக்குள், அந்த வடிகால் பள்ளத்துக்குள் போய் விழுந்தேன், முழங்காலளவு சேற்றில். போன வாரம்கூட வெலிமடை பஸ்ஸில் கண்டக்டர், "கான் எமன் சார்தானே? பாத்து ஏறுங்க, பாத்து" என்றான். நீயோ மறுநாளே கொழும்புக்குப் போனாய், அப்படியே கனடாவுக்கும். இனி என் பெயர் போட்டு உனக்கு ஒரு வரி எழுதமாட்டேன் என்று கோயிலடியில் சத்தியம் செய்தேன்.

உன் எமனை நாற்பது தடவை அகப்பையால் அடித்தேன். சாகவில்லை. என் மகள் விதுஷா பொறுக்க முடியாமல், "ஐயோ அப்பா, அடிக்காதீங்க! கயித்தப் புடிச்சுக்கிட்டே இருங்க, அவரு ஆடி முடிக்கட்டும்" என்றாள்.

பிடித்தேன். எமன் ஆடினான். அன்று நான் ஆடிய அதே ஆட்டம். ஒற்றைக் காலில் சுழன்று பாசக்கயிற்றை வீசுவதைக்கூட நீ மறக்கவில்லை. திரையோரம் 'கைதட்டு' என்று ஒரு பொத்தான் மின்னியது. யோசிக்காமல் அழுத்திவிட்டேன். கைதட்ட இரண்டு கையும் வேண்டுமே. கயிறு நழுவியது. எமன் கானுக்குள்.

விதுஷா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மடையா, இதை அப்போதே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? நீ பொறாமையில் விட்டாய் என்று பதுளை வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். அதையெல்லாம் இனி யாரிடம் போய்த் திருத்துவது?

இந்த மாசியில் மறுபடி கூத்துப் போடுகிறார்கள். எமனுக்கு என்னைக் கேட்டார்கள். முழங்கால் வலிதான், இருந்தும் சரியென்றேன். தோட்டத்துத் தலைவர் அழகையா, "கயிறு புடிக்க யாருங்க சார்?" என்றார். ஆள் தூரத்திலிருந்து வர வேண்டும், காத்திருங்கள் என்று சொல்லிவிட்டேன். கூத்தின் முடிவில் காமனை எரிக்கும் நாளுக்கு முன் நீ வந்து சேர்ந்தால் போதும். கைதட்டுகிற வேலையை இந்தத் தடவை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அங்கே பனி அதிகமாமே. உடம்பைப் பார்த்துக்கொள்.

சத்தியம் சத்தியம்தான். அதனால் பெயர் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன். யார் எழுதியது என்று உனக்குத் தெரியவில்லையென்றால், நீ வரவே வேண்டாம்.